வண்டியின் பாட்டும் கொள்ளளவியும்

மோட்டார் வண்டியில் உரத்த ஒலியமைப்பைப் பூட்டி இரவில் ஓட்டிச் செல்வோர் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். பாட்டிலே பறையோ முரசோ அதிருந்தோறும் முன்விளக்கு மங்கி மீள்கின்றது. வண்டியின் மின்னழுத்தம் அக்கணத்தில் வீழ்கின்றது என்பதற்கு அதுவே சான்று. இந்நோய்க்கு மருந்தென்று கடைகளில் விற்கப்படுவது பெருங் கொள்ளளவி. சோடாப் போத்தலளவான உருளை. தலையிலே நீல ஒளியில் எண் காட்டும் சிறு மானி. மேலே ‘ஒரு பரட்டு’ என்ற எழுத்து. இதனைப் பூட்டினால் அழுத்தவீழ்ச்சி நீங்குமா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா.

இவ்வினாவை என்னிடங் கொண்டுவந்தவன் என் தமக்கையின் மகன். கொக்கிளாயிலிருந்து வாடகைக்கு வான் ஓட்டுபவன். சென்ற வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஊராரை ஏற்றிச் செல்வதற்கென வானிலே புதிய ஒலியமைப்பைப் பூட்டியிருந்தான். “மாமா, ஒரு பரட் கப்பாசிட்டர் போட்டால் லைற் மங்காது எண்டு சொல்லுகினம். வாங்கட்டோ?” என்று கேட்டான். கேட்டவன் கையிற் காசையும் வைத்திருந்தான். அது களப்பில் இறால் பிடிக்கும் அவன் தந்தை கொடுத்த காசு. ஆதலின் விடையை விளையாட்டாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாட்டின் இனிமை குறைவது சிறிய காரியம். விளக்கு மங்குவது அவ்வாறன்று. முல்லைத்தீவிலிருந்து அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் கடந்து கொக்கிளாய் செல்லும் வீதியை அறிந்தவர்க்கு அதை விரித்துக் கூற வேண்டுவதில்லை. இருளில் வீதியின் நடுவே மாடு படுத்திருக்கும். சில நாளில் யானையும் நிற்கும். இழைவிளக்கொன்றின் ஒளி அழுத்தத்தோடு நேர்விகிதத்திற் குறைவதன்று. அழுத்தம் பத்திலொரு பங்கு குறையின் ஒளி ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். 14 உவோல்ற்றில் எரியும் விளக்கு 12.6 உவோல்ற்றுக்கு இறங்கும்போது நேர்வது இதுவே.

கொள்ளளவி என்பது மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்துத் திருப்பிக் கொடுக்குங் கருவி. எந்தையார் காலத்து நூல்கள் இதனை ஒடுக்கி என்றன. கராச்சுகளிலே ‘கண்டென்சர்’ என்பாரும் உளர். 1745 இல் பொமரேனியாவிலே கிளைஸ்ற் என்பாரும், 1746 இல் ஒல்லாந்து நாட்டு இலெய்டன் நகரிலே முசன்புரூக் என்பாரும் கண்ணாடிக் குடுவையில் மின்னேற்றத்தைச் சேர்த்ததே இதன் தொடக்கம். இன்று வண்டிகளிற் பூட்டப்படுவது அலுமினியத் தகட்டின்மேல் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்கி, அதனைச் சுருட்டி, மின்பகுபொருளில் நனைத்துச் செய்யப்படுவது. அதன் அளவைக் கூறும் அலகு பரடேயின் பெயரால் வந்த பரட்டு. ஒரு பரட்டுக் கொள்ளளவியின் அழுத்தத்தை ஓர் உவோல்ற்று உயர்த்துதற்கு ஒரு கூலோம் ஏற்றம் வேண்டும். ஒரு கூலோம் ஏற்றத்தை அது கொடுத்துவிட்டால் அழுத்தம் ஓர் உவோல்ற்று இறங்கும். ஒரு விநாடிக்கு ஒரு கூலோம் ஓடுவதே ஓர் அம்பியர். வேண்டிய கணக்கு இவ்வளவுதான்.

இக்கணக்கை நான் கற்றது புத்தகத்தினாலன்று. காலினால் மிதித்துக் கற்றேன்.

1984 ஆம் ஆண்டு மார்கழியிற் கொக்கிளாயும் அதன் அயற்கிராமங்களும் வெறுமையாயின. எங்கள் குடும்பமும் வெளியேறியது. 2009 இற் போர் ஓய்ந்த பின்னரே ஊர் மீளுதல் கைகூடிற்று. இடைப்பட்ட காலமெல்லாம் வன்னியிற் கழிந்தது. 1990 இற் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் இல்லை, எரிபொருள் அரிது, வானொலிக்கு வேண்டிய உலர்மின்கலமோ தடைசெய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. அக்காலத்திலே துவிச்சக்கரவண்டியின் டைனமோவே எங்கள் மின்னிலையமாயிற்று. வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றுவோம். அன்றேல் பின்சில்லை உயர்த்திவைத்து, ஏறியிருந்து மிதிப்போம். இரவில் இலண்டன் தமிழோசைச் செய்தி முடியுமட்டும் ஒருவர் மிதிக்க, முற்றத்தில் இருபதுபேர் குந்தியிருந்து கேட்பர். செய்தி கேட்க வந்த முதியவர்கள் மிதிப்பதில்லை. அது மாணவர் தலையில் விழுந்த கடமை. அக்காலத்தில் இக்கல்லூரியிற் கற்றோருட் பலர் அக்கடமையைச் செய்திருப்பர்.

டைனமோ தருவது ஆடலோட்டம். அதனை நேரே வானொலிக்குக் கொடுத்தலாகாது. நான்கு இருவாயிகளைக் கொண்டு ஒருதிசைப்படுத்தினாலும், வருவது தொடர்ந்த ஓட்டமன்று. துடிப்புத் துடிப்பாக வருவது. ஒரு துடிப்புக்கும் மறு துடிப்புக்கும் இடையே அழுத்தம் பூச்சியத்தைத் தொட்டு மீளும். வானொலியில் ‘உர்’ என்ற இரைச்சல் செய்தியை விழுங்கிவிடும். பழுதான தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து கழற்றிய 1000 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி ஒன்றைக் குறுக்கே இணைத்ததும் இரைச்சல் அடங்கியது. அன்று அது எங்களுக்கு மந்திரம்போலத் தோன்றிற்று.

மந்திரத்தின் கணக்கைப் பார்ப்போம். சிறு வானொலி எடுக்கும் ஓட்டம் 0.05 அம்பியர் என்க. துடிப்புகளின் இடைவெளி விநாடியில் நூறிலொரு பங்கு என்க. அவ்விடைவெளியில் வானொலிக்கு வேண்டிய ஏற்றம் 0.0005 கூலோம். 1000 மைக்குரோபரட்டு என்பது 0.001 பரட்டு. ஆகவே இடைவெளியைக் கொள்ளளவி தாங்கும்போது அழுத்தம் அரை உவோல்ற்று மாத்திரமே இறங்கும். வானொலி அதனைப் பொறுத்துக்கொள்ளும்.

மிதிப்பவன் ஒரு விநாடி ஓய்ந்தால் யாது நிகழும்? 0.05 கூலோம் வேண்டும். கொள்ளளவியிலே 6 உவோல்ற்றில் உள்ள முழு ஏற்றமும் 0.006 கூலோமே. விநாடியில் எட்டிலொரு பங்குக்குள் அது வற்றிவிடும். நாங்கள் கண்டதும் அதுவே. நுளம்பை அடிக்க மிதியை விட்டால், வாசிப்பவரின் குரல் சொல்லின் நடுவிலே அறுந்துபோகும். முற்றத்திலிருந்து ஏச்சு எழும்பும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கொள்ளளவி நிரப்பிற்று. மிதிப்பவனின் வேலையை அது செய்யவில்லை.

இனி வானுக்கு வருவோம். உரத்த முரசொலியின்போது ஒலிவிரியலாக்கி, கடைக்காரர் ‘அம்ப்’ என்பது, 50 அம்பியர் எடுக்கின்றது எனக் கொள்க. வானொலியின் ஓட்டத்தைப்போல் இது ஆயிரம் மடங்கு. ஒரு பரட்டு என்பதும் 1000 மைக்குரோபரட்டைப்போல் ஆயிரம் மடங்கே. ஆயிரத்தை ஆயிரம் அடித்துச் செல்ல, எஞ்சுவது பழைய கணக்கே: நூறிலொரு விநாடிக்கு அரை உவோல்ற்று வீழ்ச்சி. கடையிலே வியந்து பார்க்கும் அவ்வுருளை, வானைப் பொறுத்தவரையில், எங்கள் முற்றத்து வானொலியிலிருந்த விரலளவான அப்பொருளின் வலிமையையே உடையது.

முரசின் ஓர் அடி நூறிலொரு விநாடியில் முடிவதன்று. ஐந்திலொரு விநாடி நீடிக்குமாயின் 10 கூலோம் வேண்டும். இயந்திரம் ஓடும்போது வண்டியின் அழுத்தம் 14 உவோல்ற்று அளவில் நிற்கும். அது 12.6 க்கு இறங்கியதும் பற்றரி தானே ஏற்றத்தைக் கொடுக்கத் தொடங்கும். ஆறு கலங்கள், கலமொன்றுக்கு 2.1 உவோல்ற்று என்பது நினைவிருக்கலாம். இந்த 14 க்கும் 12.6 க்கும் இடையிலே ஒரு பரட்டுக் கொள்ளளவி கொடுக்கவல்லது 1.4 கூலோமே. 50 அம்பியர் வேகத்தில் அது 0.028 விநாடிக்குப் போதும். எஞ்சிய அடியைத் தாங்குவது பற்றரி. அடி முடிந்ததும் கொள்ளளவி வெறுங்கையோடு நின்று, தான் கொடுத்ததைப் பிறப்பாக்கியிடமே திரும்பக் கேட்கும். அது எதனையும் உண்டாக்குவதில்லை என்பதை மறந்துவிடுகிறோம்.

பற்றரியோடு ஒப்பிடின் வேறுபாடு இன்னுந் தெளிவாகும். 40 அம்பியர்-மணிப் பற்றரி என்பது 1,44,000 கூலோமைத் தன்னுள் வைத்திருப்பது. 14 உவோல்ற்றில் ஒரு பரட்டுக் கொள்ளளவியிலுள்ளதோ 14 கூலோம். பத்தாயிரத்துக்கு ஒன்று. 1859 இல் பிரான்சு நாட்டுப் பிளாந்தே ஈயத்தகடுகளையும் அமிலத்தையுங் கொண்டு செய்த அந்தப் பழைய சாதனத்தைக் குறைத்து மதிப்பிடுவோர் பலர். நன்னிலையிலுள்ள பற்றரியின் உட்டடை ஓமில் நூறிலொரு பங்கோ அதனிலுங் குறைவோ ஆகும். 50 அம்பியர் எடுத்தாலும் அதனால் இழக்கப்படுவது ஏறக்குறைய அரை உவோல்ற்றுக்கு மேற்படாது.

அவ்வாறாயின் கொள்ளளவியைப் பூட்டியபின் விளக்கு மங்குவது குறைந்தது என்று சொல்வோர் பொய் சொல்கின்றனரா? இல்லை. இங்கே நுணுக்கமொன்று உண்டு. பற்றரிக்கும் விரியலாக்கிக்கும் இடையேயுள்ள கம்பிகளின் தடை 0.03 ஓம் என்க. தடையையும் கொள்ளளவத்தையும் பெருக்கினால் நேரம் கிடைக்கும்: 0.03 ஓமும் ஒரு பரட்டும் 0.03 விநாடி. அழுத்தவீழ்ச்சி ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிந்தி, சற்று வழுவழுப்பாக வந்து சேரும். மிகக் குறுகிய அடியாயின் வீழ்ச்சி முற்றாக வருமுன் அடி முடிந்துவிடும். இப்பயன் மெய்யானது. ஆனால் கம்பியின் தடையை 0.005 ஓமாகக் குறைத்துவிட்டால் அந்நேரமும் ஆறிலொரு பங்காகிவிடும். அதாவது, கம்பி எவ்வளவு கெட்டதோ அவ்வளவுக்குக் கொள்ளளவி நல்லதாகத் தோன்றும்! மருந்தின் புகழ் நோயின் அளவைப் பொறுத்திருக்கின்றது. கடைக்காரர் இதனை அறிந்து சொல்கிறாரல்லர். அவர் கண்டதைச் சொல்கிறார்.

ஆகவே மருமகனிடம், “காசை வைத்திரு, முதலில் அளந்து பார்ப்போம்” என்றேன்.

சாதாரண கைமானி மெல்ல அசைவது. முரசின் அடியை அது பின்தொடராது. ஆதலால் பாட்டை நிறுத்தி, ஒரே சுருதியில் நீளும் தாழ்ந்த ஒலியொன்றைச் சில விநாடி ஒலிக்கச் செய்தோம். இயந்திரம் ஓடிற்று, முன்விளக்கும் எரிந்தது. முதலிற் பற்றரியின் இரு முனைகளிடையே அளந்தோம். பின்னர் விரியலாக்கியின் முனைகளிடையே அளந்தோம். பற்றரியில் வீழ்ச்சி சிறிது. விரியலாக்கியிலோ இரண்டு உவோல்ற்றுக்கு மேல். காணாமற்போன அழுத்தம் வழியிலே எங்கோ இருக்க வேண்டும். நேர்முனைக் கம்பியின் இரு நுனிகளிலும் மானியை வைத்தபோது ஓர் உவோல்ற்றளவு காட்டிற்று. இது வியப்பன்று. 5 மீற்றர் நீளமும் 4 சதுரமில்லிமீற்றர் குறுக்குவெட்டும் உடைய செப்புக்கம்பியின் தடை 0.0215 ஓம், 50 அம்பியர் ஓடினால் 1.07 உவோல்ற்று அதிலேயே போய்விடும். 50 உவாற்றுக்கு மேல் வெப்பமாக மாறும். கம்பியைத் தொட்டாலே தெரியும்.

மற்றைய உவோல்ற்று எதிர்முனைப் பக்கத்தில் ஒளிந்திருந்தது. பற்றரியின் எதிர்முனையையும் இயந்திரத்தையும் வண்டியின் உடலோடு பிணைக்கும் பட்டைக்கம்பி ஒன்று உண்டு. பட்டறையில் ‘ஏர்த்’ என்பர். அதன் குறுக்கே மானி ஏறத்தாழ பூச்சியங் காட்ட வேண்டும். ஓர் உவோல்ற்றுக்கு மேல் காட்டிற்று. திருகாணியைக் கழற்றியபோது பச்சையும் செந்நிறமுமாகத் துரு உதிர்ந்தது. கொக்கிளாயில் ஒருபுறங் கடல், ஒருபுறங் களப்பு. உப்புக்காற்று படாத இரும்பு அங்கே இல்லை. கூரைத்தகரத்தையும் படகின் ஆணியையும் தின்னும் அதே காற்று, வானின் அடியிலிருந்த இந்த ஓராணியையும் தின்றிருந்தது. முன்விளக்கின் ஓட்டமும் விரியலாக்கியின் ஓட்டமும் திரும்பிச் செல்லும் பொதுவழி அதுவே. ஆதலின் முரசு அடிக்க விளக்கு மங்கிற்று. ஒன்றன் சுமையால் மற்றொன்று வாடிற்று.

இவ்விடத்திலே எத்தனை பரட்டுக் கொள்ளளவியைப் பூட்டியிருந்தாலும் துரு துருவாகவே இருந்திருக்கும்.

ஆணியைத் துடைத்து, தகட்டை உலோகம் மினுங்குமளவும் அராவி, புதிய பட்டையைப் பூட்டி, மேலே கிரீசு தடவினோம். நேர்முனைக்கு 16 சதுரமில்லிமீற்றர்க் கம்பி வாங்கினான். அதில் இழப்பு கால் உவோல்ற்றளவே. கம்பி வாங்குவோர்க்கு எச்சரிக்கையொன்று: செப்பு முலாமிட்ட அலுமினியக் கம்பி, செப்புக்கம்பி என்ற பேரிலே மலிவாக விற்கப்படுகின்றது. அதன் தடை செப்பினதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நுனியைச் சுரண்டிப் பார்த்தால் வெள்ளை தெரியும். அவ்வாறே ‘ஒரு பரட்டு’ என்று எழுதப்பட்ட உருளைகளுள்ளும் எழுதிய அளவு உள்ளே இராதவை உண்டு. பற்றரியிலிருந்து நேர்முனைக் கம்பி புறப்படும் இடத்திற்கு அணித்தாகவே உருகியை வைத்தல் வேண்டும். கம்பி பருமனாகப் பருமனாக, அது உடலோடு உராய்ந்து குறுஞ்சுற்றானால் ஓடும் மின்னும் பெரிது, தீப்பற்றும்.

இத்தனைக்கும் பின்னர் விளக்கு மங்குதல் முற்றாக நின்றதோ? ஓடும்போது நின்றது. வானை நிறுத்தி இயந்திரம் மெல்லச் சுழலும்போது சற்றே மங்கிற்று. அதற்குக் காரணம் வேறு. பட்டறையார் ‘ஒல்ரனேற்றர்’ என்னும் பிறப்பாக்கி மெல்லச் சுழலும்போது முழு ஓட்டத்தைத் தரமாட்டாது. விளக்கும் ஒலியும் சேர்ந்து கேட்பது பிறப்பாக்கி தருவதினும் மிகுதியாயின், குறையைப் பற்றரி ஈடுசெய்யும். நெடுநேரம் ஈடுசெய்தால் பற்றரி வெறுமையாகும். இக்குறைக்குப் பெரிய பிறப்பாக்கி ஒன்றே பரிகாரம். அல்லது வானை நிறுத்தியதும் ஒலியைக் குறைத்தல். மருமகன் இரண்டாவதை உடன்பட்டான், முகத்தைச் சுளித்துக்கொண்டே.

புதுவகைக் கொள்ளளவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1957 இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தின் பெக்கர் என்பார் பெற்ற காப்புரிமையிலிருந்து வளர்ந்த ஈரடுக்குக் கொள்ளளவிகள் இன்று கைக்கெட்டும் பொருளாகிவிட்டன. 500 பரட்டுள்ள கலம் 2.7 உவோல்ற்றளவே தாங்கும். ஆறு கலங்களைத் தொடராக இணைத்தால் 16 உவோல்ற்று தாங்கும். மொத்தக் கொள்ளளவம் 83 பரட்டாகும். 50 அம்பியர்க் குறையை இது ஓர் உவோல்ற்று வீழ்ச்சியோடு 1.6 விநாடிக்குமேல் தாங்கும். இதனைக் கொண்டு முரசின் பல அடிகளைக் கடக்கலாம். இயந்திரத்தைக் கிளப்பவுங் கூடும். ஆயினும் பாட்டு முழுவதும் நீடிக்குங் குறையை இதுவும் தீர்க்காது.

கொள்ளளவியைக் கையாளுவோர் இரண்டை மறவாதிருத்தல் நன்று. வெறுங் கொள்ளளவியைப் பற்றரியோடு நேரே தொடுத்தால் முதற்கணத்திற் பாயும் ஓட்டம் மிகப் பெரிது. பொறி பறக்கும், உருகி போகும். 30 ஓம் தடையொன்றினூடாகவோ சிறு மின்குமிழினூடாகவோ மெல்ல ஏற்றி, அழுத்தம் சமனானபின் நேரே தொடுக்க வேண்டும். கழற்றும்போதும் குமிழைக் கொண்டே வெறுமையாக்க வேண்டும். கையில் மோதிரமோ காப்போ இருத்தலாகாது. நேர்முனையையும் எதிர்முனையையும் மாற்றித் தொடுத்தால் ஒட்சைட்டுப் படலம் அழிந்து உருளை வெடிக்கவுங் கூடும்.

நம் கல்லூரி ஆய்கூடத்தில் மாணவர் இக்கணக்கைத் தாமே சரிபார்க்கலாம். பழைய டைனமோ ஒன்று, நான்கு இருவாயிகள், 1000 மைக்குரோபரட்டுக் கொள்ளளவி, 120 ஓம் தடை, மானி ஒன்று போதும். 6 உவோல்ற்றில் 120 ஓம் தடை 0.05 அம்பியர் எடுக்கும். அதுவே எங்கள் வானொலிக்கு ஈடு. ஒருவர் மிதிக்க, மற்றவர் கொள்ளளவியோடும் அதனைக் கழற்றியும் அழுத்தத்தை அளந்து எழுதுக. பின்னர் மிதிப்பவர் சொல்லாமல் நிறுத்துக. அழுத்தம் வீழும் விரைவைப் பதிவுசெய்து, 1000 க்குப் பதிலாக 4700 மைக்குரோபரட்டை வைத்து மீண்டுஞ் செய்க. கொள்ளளவி பெரிதாகப் பெரிதாக வீழ்ச்சி எவ்வளவு பிந்துகின்றது என்பதும், மிதித்தல் நின்றபின் அழுத்தம் எங்கே சென்று நிற்கின்றது என்பதும் வரைபடத்தில் தெரியும். டைனமோ கிடையாதாயின் என்னிடம் ஒன்று இன்னும் இருக்கின்றது, இரவலாகத் தருவேன்.